கால் தூக்கி ஆடும் லா குலூ: ஒரு பழைய பாரிஸ் சுவரொட்டியைப் பார்க்கப் பழகுவோம்

1891 டிசம்பரில் பாரிஸ் நகரத்துச் சுவர்களில் ஒரு புதிய சுவரொட்டி ஒட்டப்பட்டது. மூலான் ரூஜ் என்ற இரவு நடன அரங்கின் விளம்பரம் அது. தினமும் இரவு நடனம் உண்டு, லா குலூ ஆடுகிறார் என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் கிடையாது. வரைந்தவருக்கு வயது 27. அவர் கல்லச்சில் செய்த முதல் சுவரொட்டி அதுதான். ஆன்றி த துலூஸ்-லோத்ரெக் என்ற அவர் பெயர் அதுவரை மோன்மார்த் பகுதி ஓவியர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும்தான் தெரியும். இந்தச் சுவரொட்டிக்குப் பிறகு ஊருக்கே தெரிந்தது.

இன்று அதன் அசல் பிரதிகள் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் காபிக்கடைச் சுவர், தலையணை உறை, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் என்று சின்னச் சின்ன நகல்களாக உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் பார்த்ததும் ஒரு காபிக்கடையில்தான். ஏதோ பழைய காலத்து அலங்காரம் என்று நினைத்து, குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒரு விளம்பரத்தையும் ஓவியத்தைப் போல நின்று பார்க்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பத்துச் சுவரொட்டிகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை எடுத்து நிதானமாகப் பார்ப்பது நல்லது. மூலான் ரூஜ், லா குலூ என்று இணையத்தில் தேடினால் படம் கிடைத்துவிடும். பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓவியம் என்றதும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கத் தோன்றும். சுவரொட்டியிடம் அதை முதலில் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. அர்த்தம்தான் மேலேயே எழுதியிருக்கிறதே! இது எங்கே ஒட்டப்பட்டது, பார்த்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், அவருக்கு எத்தனை விநாடி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். லோத்ரெக் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் காரணம் தெருவில் கிடைக்கும். கலையும் அங்கேதான் இருக்கிறது.

தெருவில் நின்று பார்த்தால்

கைபேசித் திரையில் முதலில் தொலைந்துபோவது அளவு. இந்தச் சுவரொட்டியின் உயரம் ஏறக்குறைய 191 சென்டிமீட்டர், அகலம் 117 சென்டிமீட்டர். லோத்ரெக்கின் உயரம் 152 சென்டிமீட்டர் அளவுதான். எலும்பு நோயோடு பிறந்தவர் அவர். 13, 14 வயதில் ஒவ்வொரு தொடை எலும்பாக உடைந்து, கால்கள் அதற்கு மேல் வளரவில்லை. தன் தலைக்கு மேல் இன்னும் முக்கால் முழத்துக்கும் அதிகமாக நிற்கும் ஒரு படத்தை அவர் வரைந்திருக்கிறார். அவ்வளவு பெரிய தாளை ஒரே தடவையில் அச்சடிக்க முடியாது. மூன்று தாள்களாக அச்சடித்து, சுவரில் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பசை போட்டு ஒட்டினார்கள். சுமார் 3,000 பிரதிகள் அச்சானதாகச் சொல்கிறார்கள். மழையும் வெயிலும், மேலே ஒட்டப்பட்ட அடுத்தடுத்த சுவரொட்டிகளும் போக மிஞ்சியவை கொஞ்சம். அவற்றிலும் பலவற்றில் மேல் தாள் இல்லை. அதனால்தான் நீங்கள் தேடும்போது சில படங்களில் தலைப்பு குட்டையாக இருக்கும்.

அந்தக் காலத்துப் பாரிஸ் சுவரொட்டிகளால் நிறைந்த ஊர். 1881 ஜூலை 29 அன்று வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், சுவரொட்டிகள் மீது இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியது. இங்கே ஒட்டக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் தேதியோடு எழுதிய வாசகத்தைப் பழைய பாரிஸ் கட்டடங்களில் இன்றும் பார்க்கலாம். ஒட்டக்கூடாத இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் சோப்பு, மண்ணெண்ணெய், சைக்கிள், நாடகம், மது என்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நடைபாதைகளில் விளம்பரம் ஒட்டுவதற்கென்றே வட்டத் தூண்களும் இருந்தன. பார்ப்பவர் நடந்து போகிறார், அல்லது குதிரை வண்டியில் போகிறார். நின்று பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

பிரான்சிஸ் ஜூர்தேன் என்ற ஓவியர் இந்தச் சுவரொட்டியை முதன்முதலாகப் பார்த்த நாளைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓப்பரா அவென்யூவில் அதை ஒரு சிறிய வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். இவர் சொக்கிப்போய், வண்டி போன திசையிலேயே நடைபாதையில் கூட நடந்திருக்கிறார். விளம்பரத்தின் பின்னால் ஒருவர் நடந்து போகிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது.

அது என்ன என்று பார்க்க ஓவிய வகுப்புகளில் சொல்லித் தரும் எளிய வழி ஒன்று உண்டு. கண்களைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கிவிடும், பெரிய வடிவங்கள் மட்டும் நிற்கும். நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை, அதற்குப் பின்னால் படத்தின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை, மேலே சிவப்பு எழுத்து, இடது ஓரத்தில் மஞ்சள், முன்னால் வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் நெடிய உருவம். இருபது மீட்டர் தள்ளி வண்டியில் போகிறவருக்குக் கிடைப்பதும் இவ்வளவுதான். இதிலேயே படம் பாதி வேலையை முடித்துவிடுகிறது: நம் கண் நேராக அந்த வெள்ளைக்குப் போய்விட்டது.

மை படாத இடம்

இப்போது கண்ணை முழுதாகத் திறந்து அந்த வெள்ளையைப் பாருங்கள். லா குலூ ஒரு காலைத் தூக்கி ஆடுகிறார். பாவாடை மேலேறி, உள்ளே அணிந்திருக்கும் வெள்ளைப் பாவாடைகளின் அடுக்கு தெரிகிறது. படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான். அங்கே வெள்ளை மை எதுவும் இல்லை. வெறும் தாள். ஓரத்தில் சில கோடுகள், மடிப்பைக் காட்டும் சில வளைவுகள், அவ்வளவுதான். நம் கண்ணை இழுத்து நிறுத்தும் இடத்தில் ஓவியர் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை! சுற்றிலும் கறுப்பையும் நிறத்தையும் நிரப்பி, நடுவில் தாளை விட்டுவைத்திருக்கிறார். இந்தச் சுவரொட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இதைக் கண்டுகொண்ட பிறகு எந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலும் மை படாத இடம் எது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இந்த முடிவு எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று புரிய வேண்டுமானால் கல்லச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பிசுக்குள்ள மையாலோ சாக்குக்கட்டி போன்ற குச்சியாலோ வரைகிறார்கள். பிறகு கல்லைப் பக்குவப்படுத்தி, தண்ணீரால் நனைக்கிறார்கள். வரைந்த இடத்தில் தண்ணீர் நிற்காது, வரையாத இடத்தில் நிற்கும். அப்புறம் எண்ணெய் கலந்த அச்சு மையை உருளையால் உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், வரைந்த இடம் பிடித்துக்கொள்ளும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும். மரத்திலோ உலோகத்திலோ செதுக்குவது போல எதையும் குடைய வேண்டியதில்லை. ஓவியரின் கை எப்படி ஓடியதோ அப்படியே வரும். ஆனால் எல்லாம் இடவலம் மாறி வரும் என்பதால் கல்லில் தலைகீழாக யோசிக்க வேண்டும், எழுத்து உட்பட.

ஒரு நிறத்துக்கு ஒரு கல். நான்கு நிறம் வேண்டுமானால் ஒரே தாள் நான்கு தடவை அச்சுக்குள் போய் வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பொருந்தி உட்கார வேண்டும். ஒவ்வொரு நிறமும் கூடுதல் செலவு, கூடுதல் நேரம். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்து நம் பாட்டி வீடுகளில் தொங்கிய லட்சுமி, சரஸ்வதி படங்களும் இதே கல்லச்சு வழியில் பிறந்தவைதான். அங்கே பல கற்களை அடுக்கி, நிறத்தை நிறத்துக்குள் குழைத்து, எண்ணெய் ஓவியம் போலவே தோன்றச் செய்தார்கள். லோத்ரெக் போனது எதிர்த்திசையில். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு மைதான். குழைவு இல்லை. அச்சடித்த தாள் அச்சடித்த தாளாகவே தெரிகிறது.

அப்படியானால் முன்னால் நிற்கும் ஆளின் சாம்பல் கலந்த ஊதா எங்கிருந்து வந்தது? அது ஐந்தாவது மை இல்லை. இருக்கிற மைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உண்டான நிறம். லோத்ரெக்குக்குப் பிடித்த ஒரு உத்தி இருந்தது. தூரிகையின் மயிர்களை மையில் தோய்த்துச் சுண்டி, கல்லின்மேல் பொடிப்பொடியாகத் தெளிப்பார். பல் துலக்கும் தூரிகையைக்கூட இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். பிரெஞ்சில் அதற்குத் துப்பல் என்று பொருள்படும் பெயரே உண்டு. நல்ல தரமான படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பொடித் துளிகள் தெரியும். அருகில் போனால் தூறல், தள்ளி நின்றால் புகை மூட்டம்.

வட்டத்தில் நமக்கும் ஓர் இடம்

கறுப்புப் பட்டைக்கு வருவோம். அது சுவர் இல்லை. பார்வையாளர் கூட்டம். ஆண்களின் உயரத் தொப்பிகள், பெண்களின் அலங்காரத் தொப்பிகள், மூக்கு, தாடை, எல்லாம் ஒரே கறுப்பு நிழலாகச் சேர்ந்து ஓடுகின்றன. யாருக்கும் கண் கிடையாது, சட்டை மடிப்பு கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தலையின் வெளிக்கோடும் வேறு வேறு. கத்தரித்து ஒட்டியது போல இருக்கிறது. அப்போது மோன்மார்த்தில் நிழல் நாடகம் பிரபலம். கறுப்புப் பூனை என்ற பெயருள்ள விடுதியில் துத்தநாகத் தகட்டில் வெட்டிய உருவங்களை வைத்து நடத்துவார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கறுப்புக் கூட்டம் உடனே பிடிபட்டிருக்கும்.

கூட்டம் ஆடுபவரைச் சுற்றி வட்டமாக நிற்கிறது. அந்த வட்டத்தின் அந்தப் பக்கம் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. இந்தப் பக்கம் யார் நிற்பது? நாம்தான். முன்னால் இருக்கும் ஊதா ஆளின் உடல் இடுப்புக்குக் கீழே படத்தின் ஓரத்தால் வெட்டப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் நிற்கும்போது நமக்கு முன்னால் இருப்பவர் அப்படித்தான் பாதியாகத் தெரிவார், கொஞ்சம் மறைக்கவும் செய்வார். தரையின் மரப்பலகைக் கோடுகள் நம் காலடியில் தொடங்கி உள்ளே ஓடுகின்றன. தெருவில் போகிறவரைப் படம் "வா" என்று கூப்பிடவே இல்லை. நீ ஏற்கெனவே உள்ளே நிற்கிறாய் என்று சொல்லிவிடுகிறது. உள்ளே நிற்பவர் டிக்கெட் வாங்காமல் இருப்பாரா? கலை வேறு, விளம்பரம் வேறு என்று இந்த இடத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை. இடத்தைப் படத்துக்குள் எப்படிக் கட்டுவது என்ற ஓவியரின் கேள்விக்கும், ஆளை உள்ளே எப்படி இழுப்பது என்ற முதலாளியின் கேள்விக்கும் ஒரே கோடு பதிலாக நிற்கிறது.

ஓரத்தில் ஆளை வெட்டுவது, நிழல் போடாமல் தட்டையாக நிறம் பூசுவது, தரையை நம் பக்கம் சாய்த்துக் காட்டுவது எல்லாம் ஜப்பானிய மரஅச்சுப் படங்களில் ஐரோப்பிய ஓவியர்கள் கண்டு வியந்தவை. ஹோக்குசாய், ஹிரோஷிகே, உதமாரோ ஆகியோரின் படங்கள் அப்போது பாரிஸில் நிறையக் கிடைத்தன. 1890இல் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் ஜப்பானிய அச்சுப் படங்களின் பெரிய கண்காட்சியும் நடந்தது. லோத்ரெக் அவற்றைச் சேகரித்தவர். தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி ஒரு வட்டத்துக்குள் போடும் அவரது முத்திரையே ஜப்பானிய முத்திரை போல இருக்கும். இரவு விடுதியும் அதன் ஆட்டக்காரிகளும் ஓவியத்துக்கு ஏற்ற பொருள்தான் என்ற துணிச்சலும் அங்கிருந்து கிடைத்திருக்கலாம். ஜப்பானிய அச்சு ஓவியர்கள் நாடக நடிகர்களையும் கேளிக்கைப் பகுதிப் பெண்களையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வரைந்து விற்றுக்கொண்டிருந்தார்களே.

காற்றாலை எங்கே?

ஒரு படத்தை நன்றாகப் பார்க்க, அதே வேலைக்காகச் செய்த இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைப்பது உதவும். இங்கே அதற்கு வசதி இருக்கிறது. மூலான் ரூஜ் அரங்கை ஜோசப் ஓலெரும் ஷார்ல் சிட்லரும் 1889 அக்டோபர் 6 அன்று திறந்தார்கள். ஐஃபெல் கோபுரம் எழுந்த அதே ஆண்டு. அப்போது அரங்கின் முதல் சுவரொட்டியை வரைந்தவர் ஜூல் ஷெரே. வண்ணக் கல்லச்சுச் சுவரொட்டியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவரொட்டிகள் செய்தவர்.

ஷெரேயின் படத்தில் சிவப்புக் காற்றாலை இருக்கிறது. மூலான் ரூஜ் என்றால் சிவப்புக் காற்றாலை என்றுதான் பொருள். அரங்கின் முகப்பில் அலங்காரத்துக்காகக் கட்டியது அது, மாவு அரைத்ததே இல்லை. அதற்கு முன்னால் பெண்கள் கழுதைமேல் சவாரி செய்து வருகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள், காற்றில் மிதப்பது போல இருக்கிறார்கள். நிறங்கள் பஞ்சு மிட்டாய் போல ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. ஷெரேயின் பெண்கள் எல்லாச் சுவரொட்டியிலும் அக்கா தங்கை போலத்தான் இருப்பார்கள். பாரிஸ்காரர்கள் அவர் பெயரை வைத்தே அவர்களுக்கு ஒரு செல்லப் பெயர் சூட்டியிருந்தார்கள். அழகான வேலை, அதில் சந்தேகமில்லை. லோத்ரெக்கும் அவரை மதித்தார்.

லோத்ரெக்கின் படத்தில் காற்றாலை இல்லை. கட்டடமே இல்லை. சிரிப்பு இல்லை. மிதக்காமல் மரத்தரையில் ஊன்றி நிற்கும் ஒரு கால் இருக்கிறது. ஷெரே மகிழ்ச்சி என்ற பொதுவான ஒன்றை விற்றார். லோத்ரெக் ஓர் ஆளை, ஓர் அறையை, ஓர் இரவை வரைந்தார். அந்த அறையை அவருக்கு நன்றாகத் தெரியும். கிட்டத்தட்ட தினமும் போனவர். அவர் வரைந்த ஒரு சர்க்கஸ் ஓவியத்தை ஓலெர் வாங்கி அரங்கின் நுழைவுக்கூடத்தில் மாட்டியிருந்தார். வாடிக்கையாளர் வரைந்த விளம்பரம் இது, அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

காற்றாலை இல்லாமல் அரங்கை எப்படி அடையாளம் காட்டுவது? எழுத்தால். மேலே மூலான் ரூஜ் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தடவை வருகிறது, மூன்றுக்கும் சேர்த்து இடப்பக்கம் ஒரே பெரிய முதலெழுத்து. சத்தமாக மூன்று தடவை கூவுவது போல இருக்கிறது. எழுத்து அச்சுக்கோத்ததல்ல, கையால் வரைந்தது. கீழே லா குலூ என்ற பெயர் தடித்த கறுப்பில் நிற்கிறது. அதன் கனம் கீழே இருக்கும் கூட்டத்தின் கறுப்போடு சேர்ந்துகொள்கிறது. எழுத்தைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் பார்க்காதீர்கள். எழுத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், படத்தின் மேல்பாதி சரிந்துவிடும்.

இடது ஓரத்து மஞ்சள் உருண்டைகள் அரங்கின் விளக்குகள். ஆனால் அவற்றுக்குத் தண்டு இல்லை, சங்கிலி இல்லை. கோர்த்த பழங்கள் போல மிதக்கின்றன. லா குலூவின் உச்சிக் கொண்டையும் அதே மஞ்சள். மஞ்சளிலிருந்து மஞ்சளுக்கு, எழுத்தின் சிவப்பிலிருந்து அவருடைய புள்ளி போட்ட ரவிக்கையின் சிவப்புக்கு என்று கண் தாவிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தின் சுழற்சி நமக்குத் தெரிவது இப்படித்தான். கோடுகள் அசையவில்லை, நம் கண் அசைகிறது.

படத்தில் இருப்பவர்கள்

லா குலூவின் உண்மைப் பெயர் லூயீஸ் வெபெர். 1866இல் பிறந்தவர். அம்மா துணி வெளுக்கும் தொழிலாளி, இவரும் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர்தான். லா குலூ என்றால் அடங்காத தீனிப்பசி உள்ளவள் என்று பொருள். வாடிக்கையாளர்களின் மேசையில் இருக்கும் கோப்பைகளைக் காலி செய்துவிட்டுப் போவாராம், அதனால் வந்த பெயர். காலை வீசி, எதிரே நிற்கும் ஆணின் தொப்பியைக் கால் நுனியால் தட்டிவிடுவது அவரது பிரபலமான வித்தை. முன்னால் நிற்கும் ஊதா மனிதர் அவரோடு ஆடும் வலாந்தேன், பட்டப்பெயர் எலும்பில்லாதவர். உண்மையில் அவர் குடும்பப் பெயர் ரெனோதேன். நெட்டையான ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு, முன்தள்ளிய தாடை. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு இரவில் ஆசைக்காக ஆடியவர் என்று சொல்வார்கள். தெருவில் போன பாரிஸ்காரர் இந்த இருவரையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டிருப்பார். ஷெரேயின் பெயரில்லாத அழகிகளிடமிருந்து இது பெரிய நகர்வு. நட்சத்திரத்தின் முகத்தையும் பெயரையும் போட்டு விற்கும் சுவரொட்டி என்ற நமக்குப் பழகிப்போன விஷயம் இங்கே உறுதிப்படுகிறது.

இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். யார் யாரைப் பார்க்கிறார்கள்? வசதியான வீட்டு ஆண்கள் உயரத் தொப்பி போட்டுக்கொண்டு மோன்மார்த் குன்றின் அடிவாரத்துக்கு வந்து, ஒரு சலவைத் தொழிலாளியின் மகள் கால் தூக்குவதைப் பார்க்கிறார்கள். படத்தின் நடுவே ஒளிரும் அந்த வெள்ளை, சொல்லப்போனால் ஒரு பெண்ணின் உள்ளாடை. அரங்கு விற்றது அந்தப் பார்வையைத்தான், இந்தச் சுவரொட்டியும் அதைத்தான் விற்கிறது. இதை மழுப்பிவிட்டு வண்ணம், கோடு என்று மட்டும் பேசினால் பாதிதான் பார்த்ததாகும். ஆனால் லோத்ரெக் அந்தப் பணக்காரக் கூட்டத்தை என்ன செய்திருக்கிறார் என்றும் பாருங்கள். முகத்தைப் பறித்துவிட்டார். நிறமும் முகமும் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு, கறுப்பு நிழல் கனவான்களுக்கு. லா குலூவின் முகத்திலும் கொஞ்சல் இல்லை. தன் வேலையில் முழுக்க மூழ்கிய ஒருவரின் முகம் அது. லோத்ரெக் பரிவோடு வரைந்தாரா, இரக்கமில்லாமல் வரைந்தாரா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் பரிவின் பக்கம்.

லூயீஸ் வெபெர் 1895இல் மூலான் ரூஜை விட்டுப் போனார். திருவிழாச் சந்தையில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டார். அதன் முகப்புக்குப் படம் வரைந்து தரச் சொல்லி லோத்ரெக்குக்குக் கடிதம் எழுதினார். அவர் இரண்டு பெரிய துணித் திரைகளில் வரைந்து கொடுத்தார். ஒன்றில் பழைய நாட்களைப் போல வலாந்தேனோடு ஆடுகிறார். பிற்காலத்தில் ஒரு வியாபாரி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார். துண்டுகளைத் தேடிச் சேர்த்துத் தைத்து, இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். லோத்ரெக் 1901இல், 36 வயதில் இறந்தார். லூயீஸ் வெபெர் சிங்கங்களைப் பழக்கும் வித்தை காட்டி, கடைசியில் வறுமையில் வாழ்ந்து 1929இல் இறந்தார்.

அசலும் நகலும்

கடையில் பழைய சுவரொட்டி என்று ஒன்று கையில் கிடைத்தால், பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து ஆஃப்செட் நகல். கல்லச்சில் மை பரந்து கிடக்கும், அல்லது கல்லின் சொரசொரப்பைப் போல ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும். நகல் வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை, அசல் விலைக்கு வாங்காதவரை.

அடுத்து நீங்களே பார்த்துப் பழக ஒரு படம் சொல்கிறேன். 1893இல் லோத்ரெக் திவான் ஜப்போனே என்ற இசை விடுதிக்குச் செய்த சுவரொட்டி. முன்னால் கறுப்பு உடையில், செம்பட்டை முடியோடு அமர்ந்திருப்பவர் ழான் அவ்ரில், அவரும் பெயர் பெற்ற நடனக்காரி. ஆனால் இங்கே அவர் ஆடவில்லை, பார்வையாளராக வந்திருக்கிறார். பக்கத்தில் கைத்தடியோடு ஒரு விமர்சகர். நடுவில் பெரிய நரம்பிசைக் கருவிகளின் கழுத்துகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், எது நிற்கிறது? மை படாத இடம் எது? நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம்? பிறகு மேலே, மேடையைப் பாருங்கள். பாடிக்கொண்டிருப்பவரின் தலை இல்லை. படத்தின் விளிம்பு கழுத்தோடு வெட்டிவிட்டது. ஒல்லியான உடம்பும் முழங்கைக்கு மேல் ஏறிய கறுப்புக் கையுறைகளும் மட்டும் தெரிகின்றன. பாரிஸில் அந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு பாடியவர் ஈவெத் கில்பெர். தெருவில் போனவர்களுக்கு முகம் தேவைப்படவில்லை.